சூலை: நோயின் பெயரா, வலியின் பெயரா?

அப்பருக்கு வந்த சூலை நோய் எது? குடல்புண் என்பார்கள், சிறுநீரகக் கல் என்பார்கள். விடை தேடுவதற்கு முன்னால் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்த்துடலாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் நெல் 'சூல் கட்டியிருக்கு' என்பார்கள். கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் திரண்டிருக்கும் பருவம். அந்தச் சூல் வேறு, இந்தச் சூலை வேறு. முன்னது கரு, தமிழ்ச் சொல். பின்னது வடமொழி வழி வந்தது. சிவன் கையிலுள்ள அதே சூலம்தான். சூலத்தால் குத்தினாற்போல் வலித்தால் சூலை. அதனால்தான் வைத்திய நூல்களில் அது வயிற்றோடு நிற்கவில்லை. காதில் வந்தால் கர்ணசூலை, விலாவில் வந்தால் பக்கசூலை. ஆக, அது எந்த நோய் என்று சொல்வதில்லை. எப்படி வலிக்கிறது என்று சொல்கிறது.

அந்த 'எப்படி'யும் 7ஆம் நூற்றாண்டிலேயே மங்கிவிட்டது போலிருக்கு. திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தில் அப்பர் சூலை என்று பெயர் சொன்னதோடு விடவில்லை. குடலை முடக்குகிறது, சுடுகிறது என்கிறார். பறிக்கிறது, புரட்டுகிறது, அறுக்கிறது, இழுக்கிறது என்றும் அடுக்குகிறார். அந்த வரிசையில் 'குத்துகிறது' மட்டும் இல்லை! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் வடவைத் தீ, விஷம், வச்சிரம் என்று வேறு உவமைகளுக்குத்தான் போகிறார்.

பதிகத்தின் கடைசிப் பாட்டில் இன்னொரு குறிப்பு இருக்கு. வேர்ப்பதையும் புரள்வதையும் விழுவதையும் எழுவதையும் அப்பர் சொல்கிறார். கல் வலி வந்தவர் ஓரிடத்தில் இருக்க மாட்டார், புரளுவார். வயிற்று உள்ளுறையில் அழற்சி என்றால் அசையவே பயந்து கிடப்பார். மருத்துவர்கள் இன்றும் கவனிக்கிற வேறுபாடு இது. பதிகம் பக்திப் பாட்டு, நோயாளிக் குறிப்பேடு அல்ல. அதை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. ஆனாலும் சூலை என்ற பெயர் தராத துப்பை இந்த வினைச்சொற்கள் தருகின்றன.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்தான். தேவாரம் பாடப்பட்டு வந்ததும் அந்த வலியின் சொற்கள் நம் கைக்கு வர ஒரு காரணம். நாமோ இப்போ 'ஒரே பெயினா இருக்கு' என்று நிறுத்திக்கொள்கிறோம். மருத்துவர் உடனே கேட்பது, "எப்படி வலிக்குது?" குத்துதா, இழுக்குதா, புரட்டுதா என்று சொல்லிப் பாருங்க, அவருக்குப் பாதி வேலை குறையும்.