தறியை விட்டுக் கடல் கடந்தோர்

பெரிய காஞ்சிபுரம், வந்து குடியேறியோரை ஏற்றுப் பழகிய ஊர். இங்குப் பட்டு நெய்வோரில் தமிழரோடு, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவோரும் உள்ளனர். காஞ்சியோடு தொடர்புடைய பெயரொன்று கடலுக்கப்பாலும் கல்லில் நிலைத்திருக்கிறது. தென் தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் குளத்தையும் அதற்குக் காவலாய் நின்ற மணிக்கிராம வணிகரையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர். அயல் மண்ணில் வெட்டிய குளத்திற்குத் தாயகத்து மன்னனின் பெயரைச் சூட்டினர். புதிய நாட்டில் அன்றாட வாழ்வை அமைத்துக்கொள்வோர் எதைப் போற்ற வேண்டும், எதைக் கைவிடலாம் என்னும் வினா அன்று தொட்டே இருந்து வருகிறது.

இவ்வினாவிற்கு இஸ்லாமிய வரலாறு தெளிவான முன்மாதிரியைத் தருகிறது. கி.பி. 622இல் மதீனா சேர்ந்த முஹாஜிர்களை முதலில் வாட்டியது காய்ச்சல். ஹள்ரத் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் படுக்கையில் கிடந்தனர். பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் புல்லையும் நினைத்து ஏங்கிக் கவிபாடினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவ்வேக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல் மதீனாவையும் நேசத்திற்குரியதாக்குமாறும், அதனை உடல்நலத்திற்கு உகந்ததாக்குமாறும், அவ்வூரின் அளவைகளில் பரக்கத் அருளுமாறும் துஆச் செய்தார்கள். ஊர்ப்பற்றும் உடல்நலமும் அன்றாடம் தானியம் அளக்கும் ஸாவும் முத்தும் ஒரே துஆவில் இடம்பெற்றதை நாம் கருத வேண்டும். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழருக்கு நன்றி கூறி, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கேட்டது சந்தைக்குச் செல்லும் வழியை மட்டுமே. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று அவர்கள் தம் வாழ்வைத் தொடங்கினார்கள்.

நம்மவர் வரலாற்றிலும் இதன் சாயலைக் காணலாம். 1819க்குப் பின் சிங்கப்பூர் சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளியையும், மறு ஆண்டில் தெலுக் ஆயரில் ஓலைக்குடிசையாக 'குச்சுப் பள்ளி'யையும் எழுப்பினர். அன்று சென்றவருள் பெரும்பாலோர் குடும்பத்தைத் தாயகத்தில் விட்டுச் சென்ற ஆடவர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடையநல்லூர் முஸ்லிம்கள் சென்ற விதமோ வேறு. அவர்களில் பலர் கைத்தறி நெசவாளர். நெசவு நலிந்தபோது மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்தனர். சிங்கப்பூரில் அவர்களுக்குத் தறி இல்லை. ஆடவர் கிடைத்த வேலையை மேற்கொண்டனர். பெண்டிர் தஞ்சோங் பகார் பகுதியில் மசாலா அரைத்துக் குடும்பம் காத்தனர். கைத்தொழில் மாறியது, உழைத்துண்ணும் மானம் மாறவில்லை.

தொழுகை வரிசையிலும் அவர்கள் பழக வேண்டியிருந்தது. மலாய் முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். தமிழகத்திலிருந்து சென்றவருள் ஹனஃபிகளும் இருந்தனர். ஷாஃபிஈ இமாம் சுப்ஹுத் தொழுகையில் குனூத் ஓதும்போது பின்னே நிற்கும் ஹனஃபி என்ன செய்வது? அமைதியாக நிற்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. தன் மத்ஹபையும் விடவில்லை; ஜமாஅத்தை விட்டும் பிரியவில்லை. அயல்நாட்டு வாழ்வு முழுவதற்கும் இதனினும் சிறந்த பாடம் உண்டா? ஊர் வழக்கமாகிய உர்ஃபிற்கும், அது ஷரீஅத்துக்கு முரணாகாத வரை, ஃபிக்ஹு கலை உரிய மதிப்பளித்துள்ளது. ஆதலால் உணவிலும் உடையிலும் பேச்சிலும் புது நாட்டு வழக்கை ஏற்பது தீனுக்கு இழுக்காகாது.

எனினும் மொழி தானாக நிலைத்திராது. இதனை உணர்ந்தே 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரால் தமிழ்ப் பள்ளி தொடங்கிற்று. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலக் கல்வியின் பக்கம் பெற்றோர் திரும்பவே மாணவர் குறைந்து, 1982இல் மூடப்பட்டது. ஆயினும் மறு ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவரின் பெயரையே தாங்கியது. பள்ளி போயிற்று, பெயரும் பாடமும் எஞ்சின.

இன்று காஞ்சியிலும் தறியை விட்டு வேறு தொழில் நாடுவோர் பெருகி வருகின்றனர். வளைகுடாவுக்கும் அதற்கப்பாலும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பயணச்சீட்டோடு இவ்வரலாற்றையும் கொடுத்தனுப்புதல் வேண்டும். பிறந்த ஊரை நினைத்து ஏங்குவது குறையன்று. சென்ற ஊரையும் நேசிக்க அல்லாஹ்விடம் வேண்டுவதே நபிவழி. சந்தைக்கு வழி கேட்கட்டும். சஃப்பில் சேர்ந்து நிற்கட்டும். வீட்டில் தாய்மொழியைப் பேணட்டும். சென்ற இடமெல்லாம் அவர்தம் வாழ்வில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!