மாணவர் எழுத்தும் அதன் வாசகரும்: ஃபிரெனேயின் வகுப்பறையை முன்வைத்து

நம் பள்ளிகளில் கட்டுரைப் பயிற்சி பெரும்பாலும் மனப்பாடப் பயிற்சியாகவே நடக்கிறது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டகம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நிரப்பும் வாக்கியங்கள் உரைநூலில் கிடைத்துவிடுகின்றன. மாணவரின் கற்பனை வறட்சியே இதற்குக் காரணம் என்பது பிழையான முடிவு. மதிப்பெண் இடுபவரைத் தவிர வேறு வாசகர் இல்லாத வகுப்பில் எழுத்தார்வம் வளராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே 1920இல் தென்கிழக்கு பிரான்சின் பார்-சுர்-லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்றார். முதல் உலகப் போரில் நுரையீரலில் பட்ட காயத்தால் அவரால் நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த இயலவில்லை. 1924இல் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் விரும்பியபோது எழுதினர். வகுப்பில் படித்துக் காட்டினர். எதை அச்சிடுவது என்று வகுப்பே வாக்களித்துத் தேர்ந்தது. தேர்வான எழுத்தைக் கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து செப்பனிட்டு, அச்சுக் கோத்து, தாள்களாக்கினர். அத்தாள்கள் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையிலுள்ள ட்ரெகுங்க் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்தும் எழுத்துகள் வந்தன. பார்-சுர்-லூவின் மலைச்சரிவுப் பிள்ளைகளுக்குக் கடலோரத்தில் வாசகர்கள் கிடைத்தனர்.

இம்முறையின் வலிமை அதன் வரிசையில் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டிய செய்தி, அடுத்து கேட்போர், அதன் பின்னரே திருத்தம். நம் வகுப்பறையில் திருத்தமே முதலிலும் இறுதியிலும் நிற்கிறது.

இலக்கணம் கைவராத பிள்ளையை விருப்பம்போல் எழுதவிட்டால் பிழைகள் வேரூன்றிவிடும் என்பர் சிலர். ஒதுக்கிவிட முடியாத மறுப்பு இது. ஆனால் ஃபிரெனே திருத்தத்தைக் கைவிடவில்லை. அதற்கு ஒரு காரணத்தைத் தந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் அற்பமன்று. நம் வகுப்பிலும், தொலைவிலுள்ள தோழனுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு கற்கும் லகர, ளகர, ழகர வேறுபாடு, தண்டனைக்கு அஞ்சிக் கற்பதைவிட ஆழமாகப் பதியும்.

தமிழ்ச் சூழலில் இன்னொரு தடையும் உண்டு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி பெரிது. வீட்டில் புழங்கும் சொல் சிவப்பு மையால் அடிக்கப்படும்போது, அச்சொல்லோடு பிணைந்த அனுபவமும் எழுதத் தகாதது என்று பிள்ளை முடிவு செய்கிறது. பொதுத் தமிழைக் கற்பிப்பது பள்ளியின் கடமைதான். ஆனால் உரையாடலிலும் பொருட்பெயர்களிலும் வட்டாரச் சொல்லுக்கு இடமளிப்பது அக்கடமைக்கு முரணாகாது. கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தளித்த கி. ராஜநாராயணன் எழுதிய தமிழ் மொழியில் இதைக் கூறத் தயங்க வேண்டியதில்லை.

தன் வாழ்வை எழுதலாம் என்ற இசைவு கிடைத்தால் இளையோர் எவ்வளவு கனமான பொருளையும் கையாள்வர். பெருமாள்முருகன் பதிப்பித்த ‘சாதியும் நானும்’ (2013) தொகுப்பிலுள்ள சாதி அனுபவக் கட்டுரைகள் அதற்குச் சான்று. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வரவேற்கத்தக்கவை. எனினும் மாநிலம் முழுமைக்கும் ஓரிரு இதழ்கள் என்ற அளவில் மிகச் சிலரின் எழுத்தே அச்சேறும். எஞ்சியோருக்கு வகுப்புதோறும் கையெழுத்து இதழ் வேண்டும். கடலோரப் பள்ளியும் மலையூர்ப் பள்ளியும் அவற்றைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடன்று இது.

ஆசிரியர்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள். எழுதிய பிள்ளையிடம் அது எழுதிய செய்தியைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேளுங்கள். பிழைகளை இரண்டாம் வாசிப்பில் திருத்திக்கொள்ளலாம்.