வாப்பாவின் மொரிஸ் மைனரை கரண்டுக்கு மாற்றலாமா?



போன கிழமை இறம்பொடைச் சந்தியில் தேநீர்க் கடையில் இருந்தபோது நமது நானா ஒருவர் கேட்டார். "தம்பி, வாப்பாட மொரிஸ் மைனர் சும்மாதான் நிக்குது. இத கரண்டுக்கு மாத்தேலுமா? கராஜ்ல வேல செய்யற பொடியன் ஏலும் எண்டு சொல்றான். விக்கிறதா, மாத்துறதா எண்டு இந்த மாசத்துக்குள்ள முடிவெடுக்கணும்." ஒரு வசனத்தில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. பலர் இதே கேள்வியைக் கேட்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசு அறிவித்தது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. ஒரே காரில் மேலே பாடசாலைக்குப் போய்வந்த ஆசிரியர் நாங்கள் நால்வர். அந்த நாட்களில் பாதித் தூரம் நடந்தோம், மீதியை மரக்கறி லொறியில் ஏறிப் போனோம். பெற்றோல் செட் வரிசையில் இரவு படுத்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். கொத்மலை நீர்த்தேக்கம் நம் காலடியில் கிடக்கிறது. 1985இலிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள், 201 மெகாவொட் கொள்ளளவு. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பெற்றோலுக்குக் காத்திருந்தபோதுதான் "இந்தக் கரண்டில் கார் ஓடினால் என்ன" என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. (அதே வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறக்கக் கூடாது. மழை இல்லாவிட்டால் கரண்டும் இல்லை.)

இதே நிலை 1940களின் பிற்பகுதியில் யப்பானுக்கும் வந்தது. யுத்தம் முடிந்து பெற்றோல் கிடைக்கவில்லை. ஆனால் மலையாறுகளில் நீர்மின்சாரம் இருந்தது. குண்டுவீச்சில் தொழிற்சாலைகள் அழிந்து போனதால் அதை வாங்க ஆளில்லை. விமானம் செய்த தச்சிகாவா நிறுவனத்துக்கு விமானம் செய்யத் தடை. அங்கிருந்து வெளியே வந்த பொறியியலாளர்கள் 1947இல் 'டாமா' என்ற சிறிய மின்சாரக் காரைச் செய்தார்கள். ஈய பெற்றரி. 1948இல் அரசு நடத்திய பரிசோதனையில் ஒரு தடவை மின்னேற்றி 96 கிலோமீற்றர் ஓடியது. வேகம் மணிக்கு 35 கிலோமீற்றர்தான். டெக்சியாகவும் ஓடியது. 1950இல் கொரிய யுத்தம் தொடங்கியதும் ஈயத்தின் விலை ஏறியது, பெற்றோலும் கிடைக்கத் தொடங்கியது. டாமாவின் கதை அத்தோடு முடிந்தது. அந்த நிறுவனம் பெயர் மாறி பிரின்ஸ் ஆகி, 1966இல் நிசானோடு சேர்ந்தது. கம்பளையிலும் கண்டியிலும் நீங்கள் பார்க்கும் நிசான் லீஃபுக்கு இப்படியொரு பாட்டன் உண்டு.

டாமா ஆரம்பத்திலிருந்தே மின்சாரக் காராகச் செய்யப்பட்டது. நானா கேட்டதோ பெற்றோல் காரை மாற்றுவது. அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் 'ஹென்னி கிலோவொட்'. 1959இல் அவர்கள் கார் தெரிவு செய்த விதத்தைக் கொஞ்சம் ஊன்றிக் கவனியுங்கள். பெரிய பெரிய கார்கள் ஓடிய நாட்டில், அவற்றையெல்லாம் விட்டுவிட்டு பிரான்சின் சின்ன ரெனோ டொஃபினைப் பிடித்தார்கள். அதன் எடை 650 கிலோ அளவில்தான். முன்னால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் என்ஜின் இடம், ஆகவே பெற்றரியை இரண்டு பக்கமும் பிரித்து வைக்கலாம். முதலில் 36 வோல்ட் போட்டார்கள், வேகம் மணிக்கு 64 கிலோமீற்றரோடு நின்றது. அடுத்த வருடம் 72 வோல்ட்டாக்கி 95 வரை கொண்டுவந்தார்கள். தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. காரின் எடை ஒரு தொன்னை நெருங்கியது. ஐம்பதுக்கும் குறைவாகவே விற்றது, அதிலும் பெரும்பகுதியை மின்சாரக் கம்பனிகளே வாங்கின. வியாபாரம் தோற்றது, ஆனால் கார்த் தெரிவு தோற்கவில்லை என்பது எங்கள் எண்ணம். காலியாக நிற்கும்போது பாரம் குறைந்த கார், பெற்றரியை முன்னும் பின்னும் பங்குபோட இடமுள்ள கார். இந்த இரண்டு கணக்கும் இன்றும் மாறவில்லை.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வீட்டுக் கராஜில் மாற்றும் ஆட்கள் பெருகினார்கள். அவர்களுக்குப் பிடித்தது வொக்ஸ்வேகன் பீட்டில். நான்கு போல்ட் கழற்றினால் என்ஜின் கையோடு வரும், றேடியேட்டர் இல்லை, கியர்பொக்ஸ் அப்படியே இருக்கும். மோட்டாரைக் கியர்பொக்ஸோடு பொருத்த ஒரு தகடு செய்தால் போதும். 2019இல் வொக்ஸ்வேகன் நிறுவனமே ஒரு பழைய பீட்டிலை மாற்றி பிராங்பேர்ட் கண்காட்சியில் வைத்தது. பெற்றரி 36.8 யுனிட் கொள்ளும், எடை 1,280 கிலோ. லித்தியம் வந்த பிறகு ஓடும் தூரம் கூடிவிட்டது, ஆனால் பாரம் ஏறுவது நிற்கவில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

என்ஜின் மாற்றுவது இலங்கையருக்குப் புதிதல்ல. 1960களில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 1977வரை நீடித்த தட்டுப்பாடும் நம் மெக்கானிக்மாரைக் கெட்டிக்காரர் ஆக்கின. மொரிஸுக்கு டட்சன் என்ஜின், ஒஸ்டினுக்கு டீசல் என்ஜின் என்று மாற்றி ஓட்டிய நாடு இது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்காக இலங்கையில் தகட்டுப் பாகங்கள் அடித்து அனுப்பினார்கள். மொரிஸைப் பெற்ற நாட்டுக்கே நாம் அதன் உடம்பைச் செய்து கொடுத்தோம்! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்கள்தான் நம்மைச் சுமந்தன.

ஆகவே மொரிஸை மாற்ற முடியுமா என்றால், முடியும். இங்கிலாந்தில் பலர் மாற்றியிருக்கிறார்கள். எடை 775 கிலோ அளவு. என்ஜின், றேடியேட்டர், சைலன்சர், பெற்றோல் தாங்கி எல்லாம் கழற்றினால் 150 கிலோவுக்கு மேல் குறையும். பிரேக் பூஸ்டர் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. இது ஒரு வசதி. ஏனென்றால் பிந்திய கார்களில் பிரேக் பூஸ்டர் என்ஜின் இழுக்கும் காற்றில்தான் வேலை செய்கிறது. என்ஜினைக் கழற்றினால் பிரேக் கல்லாகிவிடும், தனியாக ஒரு வெக்கியூம் பம்ப் வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மாற்றித்தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஓடப்போவது எந்த வீதியில்? நம் வீதி கம்பளை, புசல்லாவ, இறம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் 900 மீற்றர் அளவு மேலே ஏற வேண்டும். நாங்கள் ஒன்பதாம் ஆண்டு வகுப்புக் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. நாலு பேரோடும் பெற்றரியோடும் 1,200 கிலோ உள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 3 யுனிட் போகும். சமவெளியில் 30 கிலோமீற்றர் ஓடச் செலவாகும் 3, 4 யுனிட்டையும் மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 7 யுனிட்டுக்குக் குறையாது. ஈய பெற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். அப்படிப் பார்த்தால் ஈயம் 400 கிலோ வேண்டும். லித்தியம் என்றால் 100 கிலோ அளவில் முடிந்துவிடும். இப்போது மாருதி 800ஐ எடுங்கள். காரின் எடை 650 கிலோ, எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னுக்கு மேல் போகக்கூடாது. ஈயத்தை ஏற்றினால் சாரதிக்கே இடமில்லை! அதே மாருதிக்கு லித்தியம் போட்டால், பிள்ளைகள் இருவரைப் பாடசாலைக்கு இறக்கிவிடும் குடும்பத்துக்கு மொரிஸைவிட அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறோம்.

ஏற்றம் பாக்கெட்டைத்தான் தொடும். உயிரைத் தொடுவது இறக்கம். பெற்றோல் காரில் இரண்டாம் கியர் போட்டு இறங்கினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். மின்சாரக் காரில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பெற்றரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பியும் தரும். ஆனால் அதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, மலிவாக வரும் பிரஷ் உள்ள டீசி மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யாது, காரை நழுவ விட்டுவிடும். மற்றது, நுவரெலியாவில் நூறு வீதம் மின்னேற்றிக்கொண்டு இறங்கினால் திருப்பித்தரும் கரண்டுக்கு பெற்றரியில் இடமில்லை. அப்போது முழுப் பாரத்தையும் தாங்குவது கால் பிரேக் மட்டும். மேலே மின்னேற்றுபவர்கள் 80 வீதத்தோடு நிறுத்த வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய வேனுக்கு ஈய பெற்றரியும் டீசி மோட்டாரும் போட்டார். மாற்றியவர் வேறொரு மாவட்டத்துக்காரர், மட்டமான வீதியில் ஓட்டிக்காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. இங்கே கொண்டுவந்து இரண்டாம் நாள், லபுக்கலை தாண்டி இறங்கும்போது பிரேக் ட்ரம் சூடாகி மிதி உள்ளே போய்விட்டது. தேயிலை மலைப் பக்கம் கானுக்குள் இறக்கி நிறுத்தினார். மறுபக்கம் என்றால் பள்ளம். வேனுக்குள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், சிராய்ப்போடு போயிற்று. அந்த எரிந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இந்தப் பதிவில் பிரேக்கைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மொரிஸுக்கு நாலு சில்லிலும் ட்ரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, நம் ஊர் ஈரத்தில் அதைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும். தனி சேசி இல்லாத கார் அது. கதவுக்குக் கீழுள்ள சில், முன் சேசிக் கால்கள், டோர்ஷன் பார் பிடிக்கும் குறுக்குத் தகடு, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், இவை உக்கியிருந்தால் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் பெற்றரி ஏற்றக் கூடாது. உடம்பு நல்லதென்றால் முன்னுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, திருப்பித்தரும் மோட்டாரும் லித்தியமும் வைத்து மாற்றலாம். அந்தச் செலவுக்கு ஒரு பழைய லீஃபே வாங்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் முதல் லீஃபின் பெற்றரி 24 யுனிட், தனிக் குளிரூட்டல் கிடையாது, பத்து வருடத்தில் பாதி போனவையும் உண்டு. வாங்குமுன் மீற்றரில் எத்தனை பார் மிச்சம் என்று பாருங்கள்.

முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. நெருக்கடிக்குப் பிறகு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டம் நாட்டில் நடந்தது. பாரம் குறைவு, ஓடும் தூரம் குறைவு, இரவில் வீட்டில் நிற்கும். நமது சந்தியில் முதலில் மாற்றத்தக்கது கார் அல்ல, அதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. எதை மாற்றினாலும் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை மாற வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்துவிட்டுத்தான் என்ஜினில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

நானாவிடம் இவ்வளவையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாப்பா அந்தக் காரிலதான் உம்மாவ கலியாணம் முடிச்சுக் கூட்டி வந்தவர்" என்றார். விற்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வருகிற சனிக்கிழமை ளுஹருக்குப் பிறகு கராஜில் காரை ஜக்கில் தூக்கி, தரைவிரிப்பைக் கழற்றி, சுத்தியலால் தட்டிப் பார்க்கப் போகிறோம். தகடு கணீரென்றால் பிரேக் செலவைக் கணக்குப் பார்ப்போம். பொத்தென்றால் என்ஜினோடேயே வைத்துக்கொள்ளச் சொல்வோம். மொரிஸ் தகட்டு வேலை தெரிந்தவர்கள், லீஃப் வைத்திருப்பவர்கள் யாராவது வர முடிந்தால் வாருங்கள்.