கணினியில் இடமும் உரிமையும்

ஒரு வீட்டில் எப்பொருள் எங்கே இருத்தல் வேண்டும், எவ்வேலையை யார் செய்தல் வேண்டும் என்னும் இரண்டும் ஒழுங்குபட அமையின் அவ்வீடு இனிது நடைபெறும். வீட்டுக் கணினிக்கும் இவ்விரு வினாக்களே அடிப்படையாகும். செய்நிரல் ஒன்று வன்தட்டின் எக்கோப்புறையில் நிறுவப்படுகின்றது என்பது முதல் வினா. கோப்பொன்றினைச் சொடுக்கியவுடன் எச்செய்நிரல் எழுந்து வந்து அதனைத் திறக்கின்றது என்பது இரண்டாம் வினா. முன்னது இடம் பற்றியது. பின்னது உரிமை பற்றியது. கணினியை வாங்கியவர் வாய் திறவாதிருப்பினும் இவ்விரண்டிற்கும் கணினி தானே விடை கூறிவிடுகின்றது. அவ்விடையை இயல்புநிலை என வழங்குவர். இயல்பு என்னும் இச்சொல் ஈண்டு மயக்கந் தருவதாகும். மழையும் வெயிலும் போல் தானே அமைந்தது எதுவும் இதில் இல்லை. யாரோ சிலர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு காரணம் பற்றிச் செய்த தீர்மானங்களே இவை. அத்தீர்மானங்களின் வரலாற்றை ஆராய்ந்து, ஊவா மாகாணத் தோட்டங்களில் கணினி பயிலும் இல்லங்களுக்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊவாவிற்குக் கணினி வந்த வழி

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளை முதலிய பகுதிகளின் தோட்டங்களுக்குக் கணினி பிந்தியே வந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. அதன் முயற்சியால் எழுந்த நெனசல என்னும் அறிவகங்கள் கொழும்புக்கு வெளியே வாழ்ந்தோர்க்குக் கணினியை அறிமுகஞ் செய்தன. 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் நிறுவப்பெற்றது. பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாயிற்று. இன்று தோட்டத்து இல்லங்கள் சிலவற்றிலும் கணினி உண்டு. பெரும்பாலும் அது பிறர் பயன்படுத்திக் கழித்த கணினி. உடன்பிறந்தார் பலர்க்கும் பொதுவானது. இத்தகைய கணினியிலேதான் இடமும் உரிமையும் பெரிதும் ஆராயத்தக்கன. இடம் குறைவு, பங்காளிகள் பலர், ஒரு கோப்பு கெட்டால் மீண்டும் பெறும் வழியும் எளிதன்று.

மூன்றாம் எழுத்தின் கதை

வன்தட்டின் முதற்பகுதி ஏன் ‘சீ’ என்னும் எழுத்தாற் குறிக்கப்படுகின்றது என்று மாணவர் வினவுவதுண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதற்கு வன்தட்டு இல்லை. 160 கிலோபைற்று கொள்ளும் நெகிழ்வட்டுக்களே இருந்தன. அவற்றின் செலுத்திகள் ‘ஏ’, ‘பீ’ எனப் பெயர் பெற்றன. தட்டுக்களுக்கு எழுத்தைப் பெயராக இடும் இவ்வழக்கம் கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சி.பி.எம். என்னும் பணிசெயல் முறைமையிலிருந்து வந்தது. 1983 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்.ரி. வகைக் கணினியில் 10 மெகாபைற்று வன்தட்டு அமைந்தபோது எஞ்சியிருந்த மூன்றாம் எழுத்து அதற்குக் கிடைத்தது. ஏயும் பீயும் வழக்கொழிந்த பின்னரும் ‘சீ’ தன் இடத்தை விட்டுப் பெயரவில்லை.

அவ்வாண்டு வந்த டொஸ் இரண்டாம் பதிப்பே கோப்புறைக்குள் கோப்புறை அமைக்கும் முறையைத் தனியாட் கணினிக்குக் கொணர்ந்தது. இம்முறை யுனிக்ஸிலிருந்து பெறப்பட்டது. யுனிக்ஸ் பாதையிற் கோப்புறைகளைப் பிரிப்பது வலப்புறம் சாய்ந்த கோடு. டொஸ் முறைமையில் அக்கோடு கட்டளைகளின் தெரிவுகளைக் குறித்தற்கு முன்னரே பயன்பட்டமையால், பாதைக்கு இடப்புறம் சாய்ந்த கோடு வேண்டியதாயிற்று. இன்றும் மாணவர் தட்டச்சிடும்போது தடுமாறும் அச்சிறு கோட்டுக்கு இவ்வளவே வரலாறு.

புரோகிராம் பைல்ஸ் தோன்றிய காலம்

தொடக்கத்திற் செய்நிரல்கள் ஒவ்வொன்றும் ‘சீ’யின் வாயிலிலேயே தத்தமக்கு வேண்டிய கோப்புறையை அமைத்துக் கொண்டன. 1995 ஆகஸ்ட் 24ஆம் நாள் வெளிவந்த வின்டோஸ் 95, புரோகிராம் பைல்ஸ் என்னும் பொதுக் கோப்புறையை வகுத்தது. நெடும் பெயர்களும் அப்பதிப்பிலேதான் இடம்பெற்றன. எட்டெழுத்துப் பெயரையே அறிந்த பழைய செய்நிரல்களின் பொருட்டு ஒவ்வொரு நெடும் பெயருக்கும் பின்னால் ஒரு குறும் பெயரும் ஒளித்து வைக்கப்பட்டது.

ஒரு பொருளுக்கு ஏட்டுப் பெயர் ஒன்றும் வழக்குப் பெயர் ஒன்றும் இருத்தல் ஊவா மக்களுக்குப் புதிதன்று. தோட்டங்களுக்கு ஆங்கிலத் துரைமார் இட்ட பெயர் ஒன்று. தொழிலாளர் தம்முள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. கணினியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஜெர்மானிய மொழி வின்டோஸில் இக்கோப்புறை முன்னர் ஜெர்மன் பெயரோடே இருந்தது. 2007 ஜனவரியிற் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விஸ்ரா முதலாக மெய்ப்பெயர் எங்கும் ஆங்கிலமாயிற்று; பிறமொழிப் பெயர் திரையிற் காட்டும் பெயராக மட்டும் நின்றது.

விஸ்ரா மற்றொரு மாற்றத்தையும் செய்தது. தீய செய்நிரல்கள் பிறவற்றைக் கெடுத்தலைத் தடுக்கும் பொருட்டு, புரோகிராம் பைல்ஸ் கோப்புறையில் எழுதுதற்கு நிருவாகியின் இசைவு வேண்டும் என்னும் காவல் வலுப்பெற்றது. பழைய செய்நிரல் ஒன்று ஆங்கே எழுத முயலின், முறைமை அதனைப் பயனரது சொந்தப் பகுதிக்கு ஓசையின்றித் திருப்பிவிடும். ஆகவே, பழைய செய்நிரல் ஒன்றில் அண்ணன் தன் கணக்கிற் சேமித்ததைத் தங்கை தன் கணக்கில் தேடினால் காணாள். கோப்பு அழிந்துவிடவில்லை, வேறிடத்தில் இருக்கின்றது. இவ்வரலாற்றை அறியாதார் கோப்பு தொலைந்ததென்று வருந்துவர். 64 பிற்றுக் கணினிகள் வந்தபின் பழைய 32 பிற்றுச் செய்நிரல்களுக்கென ஏறத்தாழ இதே பெயருடைய இரண்டாம் கோப்புறை ஒன்று தோன்றியதும் ஈண்டு அறியத்தக்கது. ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு இருப்பது பிழையென எண்ணி ஒன்றை அழித்தல் ஆகாது.

கோப்பைத் திறக்கும் உரிமை

இனி இரண்டாம் வினாவை நோக்குவாம். 1984இல் வெளிவந்த மெக்கின்டொஷ் கணினியில் ஒவ்வொரு கோப்பும் தன் வகையையும் தன்னைப் படைத்த செய்நிரலையும் நான்கு நான்கு எழுத்துக் குறிகளால் தன்னுடனேயே தாங்கி நின்றது. டொஸ் வழிவந்த முறைமைகளிலோ பெயரின் ஈற்றில் நிற்கும் மூன்றெழுத்தே அடையாளம். எவ்வீற்றை எச்செய்நிரல் திறக்கும் என்னும் பட்டியல் பின்னாளிற் பதிவேடு எனப்படும் மறைவான ஏட்டிற் குறிக்கப்பட்டது. முன்னதில் உரிமை கோப்பிடம் இருந்தது. பின்னதில் உரிமை ஏட்டை எழுதுவோனிடம் சென்றது. எனவே, புதிதாக நிறுவப்படும் செய்நிரல்கள் அவ்வேட்டில் தம் பெயரை முந்திப் பதிந்துகொள்ள முற்பட்டன.

இப்போட்டி நீதிமன்றம் வரை சென்றது. 1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களமும் மாநிலங்கள் பலவும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. உலாவியைப் பணிசெயல் முறைமையோடு பிணைத்தது அவ்வழக்கின் முக்கிய விடயமாகும். நிறுவனத்தை இரண்டாகப் பிளக்கும்படி 2000இற் பிறந்த கட்டளையை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் நீக்கிற்று. எனினும் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியமை பற்றிய தீர்ப்பை நிலைநிறுத்திற்று. பின்னர் எழுந்த இணக்கத்தின் பயனாக, 2002இல் வெளிவந்த எக்ஸ்.பி. முதற் சேவைத் தொகுதியில், இயல்புநிலைச் செய்நிரல்களைப் பயனரே தெரிவு செய்யும் பகுதி சேர்க்கப்பட்டது. இன்று வீட்டிலிருந்தவாறே சில சொடுக்குகளாற் செய்யும் மாற்றத்தின் பின்னே நான்காண்டு வழக்கொன்று இருக்கின்றது.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. ஊடக இயக்கியைப் பிணைத்தமை முதலியன பற்றி 2004இல் 497 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. 2010இல் உலாவித் தெரிவுத் திரை நடைமுறைக்கு வந்தது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் வின்டோஸ் 7 பயனர் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்கு அத்திரை காட்டப்படாமையால் 2013இல் மேலும் 561 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 2015இல் வின்டோஸ் 10 வந்தபோது பயனரின் முந்திய தெரிவு மதிக்கப்படவில்லையென மொசில்லா நிறுவனம் பகிரங்கமாக முறையிட்டது. 2021இல் வந்த வின்டோஸ் 11 உலாவியை மாற்றுதற்கு ஒவ்வொரு பெயரீற்றையும் தனித்தனியே மாற்றும்படி செய்தது. எதிர்ப்பு எழவே, 2022இல் ஒரே பொத்தானால் மாற்றும் வசதி அளிக்கப்பட்டது. ஒரு சிறு தெரிவிற்கு இத்துணைப் பொருளும் வழக்கும் செலவாயின எனின், கேளாமலே கிடைக்கும் விடைக்கு எத்துணை வலிமை உண்டென்பது தெளிவாம். பெரும்பாலோர் அதனை மாற்றுவதில்லை என்பதே அவ்வலிமையின் இரகசியம்.

தமிழ்க் கோப்புக்கு நேர்ந்தது

தமிழர்க்கு இவ்விடயம் மேலும் நெருக்கமானது. 1990களில் இலங்கையிற் பரவிய பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. வின்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் பாமினி இருந்தால் அது தமிழாகத் தோன்றும். இல்லையேல் இயல்புநிலை ஆங்கில எழுத்துருவிற் பொருளற்ற எழுத்துக் குவியலாகக் காட்சி தரும். தமிழ் கோப்பினுள் இல்லை. வேறொரு கோப்புறையில் இருந்தது.

ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. வின்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வெளிவந்தது. எனினும் எக்ஸ்.பி. காலத்திலும் தமிழ் செவ்வனே தோன்றுதற்குரிய கோப்புக்களைப் பயனரே கேட்டு நிறுவவேண்டியிருந்தது. விஸ்ராவிலேதான் அது கேளாமலே அமைந்தது. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1326ஆம் இலக்கத் தமிழ்த் தரத்தை வெளியிட்டது. ஆயினும் ஆலய மலர்கள், பாடசாலை அறிக்கைகள், சங்கக் கூட்டக் குறிப்புக்கள் எனப் பழைய எழுத்துருவிற் சேமித்தவை பல இன்னும் உள. மலையக மக்களின் அண்மைக்கால வரலாற்றுக்கு இவை மூல ஆவணங்களாம். எழுத்துரு இல்லாத புதிய கணினிக்கு அவற்றை மாற்றிவிட்டு, படிக்க இயலவில்லையென்று அழித்துவிடின் அவ்வரலாறும் உடன் அழியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பேணுதல் இக்கால மாணவர் செய்யத்தக்க அரும்பணியாகும்.

இல்லங்கள் கைக்கொள்ளற்பாலன

வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வருவாம். செய்நிரல் ஒன்றின் கோப்புறையை இழுத்து வேறிடத்தில் வைத்தலோ நேரே அழித்தலோ கூடாது. பதிவேட்டில் பழைய முகவரியே நிற்கும். அமைப்புப் பகுதியிற் சென்று முறைப்படி நீக்குதலே தக்கது. நிறுவும்போது தோன்றும் வினாக்களைப் படியாமல் ‘அடுத்து’ என்னும் பொத்தானையே அழுத்திச் செல்லின், வேண்டாத செய்நிரல்களும் உடன் நுழையக்கூடும். ‘சீ’ பகுதி சிறிதாயின், பிள்ளைகளின் பாடக்குறிப்புக்கள், படங்கள் முதலியவற்றை ‘டீ’ பகுதியில் வைத்தல் நன்று. ‘சீ’யை மட்டும் துடைத்துப் பணிசெயல் முறைமையை மீள நிறுவ நேர்ந்தாலும் அவை தப்பும். செய்நிரல்களை ‘டீ’யில் வைப்பதால் அத்துணைப் பயனில்லை, பதிவேடு புதிதாகும்போது அவற்றுட் பல மீண்டும் நிறுவப்படல் வேண்டும். தட்டே பழுதுறின் இரு பகுதிகளும் ஒருங்கே கெடுமாதலால், வெளித்தட்டொன்றிற் பிரதி வைத்தலும் இன்றியமையாதது.

பெயரீறு மறைக்கப்பட்டிருப்பின் அதனைக் காட்டும்படி செய்தல் வேண்டும். வலச் சொடுக்கால் திறக்கும் செய்நிரலைத் தெரிந்து, அதனையே எப்போதும் பயன்படுத்தும்படி பணித்தல் வேண்டும். வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தமையால் பழைய கணினிகளில் லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களை நாடுவோரும் உளர். அவர்கள், பதுளை நகரத்துப் பிரதிக் கடையில் அச்சிடக் கொண்டு செல்லும் கோப்பு ஆங்கே திறக்கும் வடிவில் உள்ளதா என முன்னரே ஆராய்தல் நலம்.

முடிபு

முகவரியும் உரிமையும் பற்றிய வினாக்கள் ஊவாத் தோட்டங்களிற் கணினிக்கு மிக முந்தியவை. லயன் அறைக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்தன. துண்டு என்னும் கடன் சீட்டு இன்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல இயலாத காலமும் இருந்தது; அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அத்துன்பத்தோடு கணினியின் இடர்களை ஒப்பிடல் பொருந்தாது. எனினும் அவ்வரலாற்றைத் தாங்கியோரின் வழித்தோன்றல்கள் ஓர் உண்மையை எளிதில் உணர்வர்: இருக்கும் இடத்தைப் பிறர் வகுத்து, செல்லும் வழியையும் பிறரே வகுத்தால், வீட்டில் வாழ்பவன் வீட்டுக்குரியவன் ஆகான். கணினியைப் பொறுத்தவரை இந்நிலையை மாற்றுதற்குப் பணமோ வழக்கோ வேண்டுவதில்லை, அறிவே போதும். செய்நிரல் எங்கே இருக்கின்றது, கோப்பை யார் திறக்கின்றார், இதனைத் தீர்மானித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன் தன் வீட்டுக் கணினிக்கு உண்மையில் உரியவனாவான். அவ்வினாக்களைக் கேட்கக் கற்பித்தலே ஆசிரியர் கடனாகும்.