நெடுஞ்சாலைக் காசும் கடை கவுன்டரும்

அமெரிக்காவில் 21 வயசு ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அது வாஷிங்டன் நேரடியாகப் போட்ட தடை இல்லை. மதுவிலக்கை நீக்கிய 1933-ஆம் ஆண்டுத் திருத்தம் மது விவகாரத்தை மாநிலங்கள் கையில் விட்டிருந்தது. 1971-இல் ஓட்டுரிமை வயது 18 ஆனதும், "ஓட்டுப் போடலாம், வியட்நாமுக்குப் போய்ச் சாகலாம், பீர் மட்டும் ஆகாதா?" என்று கேட்டார்கள். பல மாநிலங்கள் மது வயதையும் இறக்கின. சீக்கிரமே விபத்துக் கணக்கு பயமுறுத்தியது. இந்தப் பக்கம் 21, அந்தப் பக்கம் 18 என்றால் பையன்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் வண்டி ஓட்டித் திரும்புவார்கள். அந்த எல்லைகளுக்கு 'ரத்த எல்லை' என்றே பேர் வந்தது.

1984 ஜூலையில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுற்றுவழியில் போனது. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு மத்திய நெடுஞ்சாலை நிதியில் முதலில் 5 சதவீதம் வெட்டு, பிறகு 10. 19 வயதில் மென்பீர் வாங்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு, 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றது. 1988-இல் கடைசி மாநிலமான வயோமிங்கும் இறங்கி வந்தது.

சரி, சட்டம் வந்தாச்சு. கடையில போய் யார் பார்க்கிறது? அதைப் பற்றி நெடுஞ்சாலைச் சட்டம் வாயே திறக்கவில்லை. லூசியானாவில் வயது காகிதத்தில் 21. ஆனால் 18 ஆனவருக்கு விற்ற கடைக்காரரைத் தண்டிக்க 1995 வரை வழியே இல்லை. வாஷிங்டன் நகரம் இன்னும் மோசம். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுக்காக 21 ஆகாத இளைஞர்களை பீர் வாங்க அனுப்பினார்கள். 100 முறை முயன்றதில் 97 முறை கிடைத்தது.

போலீஸ் கண்டுபிடித்த வழி இதையே திருப்பிப் போட்டது. வயது வராத ஒருவரைக் கடைக்குள் அனுப்பி, விற்றால் பிடிப்பது. இது பொறி வைப்பது என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். 1994-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பிறகு அங்கே விதிகளும் வந்தன. போகிறவர் 20-க்குக் கீழ் இருக்கணும், பார்த்தாலும் 21-க்குக் கீழ் என்று தோன்றணும், வயதைக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அடையாள அட்டை கொண்டுபோனால் அது சொந்த அட்டையாக இருக்கணும். நியாயமான விதிகள்தான் என்பேன். இதற்கு மேலும் விற்கிறவர் வயதைக் கேட்கவே இல்லை, இல்லையென்றால் கேட்டும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் ஒரு மாலைச் சோதனைக்கு மஃப்டியில் சில போலீஸ்காரர்கள் வேண்டும், ஓவர்டைம் வேண்டும். திருட்டும் அடிதடியும் காத்திருக்கும் சின்ன ஊர் போலீஸுக்கு இது வரிசையில் கடைசி வேலை. 1998-இல்தான் காங்கிரஸ் இதற்கென்று ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. மத்திய நீதித்துறை வழியாக மாநிலத்துக்கு 3,60,000 டாலர். ஐந்து லட்சம் பேர் கூட எட்டாத வயோமிங்குக்கும் அதே தொகை, மூன்று கோடியைத் தாண்டிய கலிபோர்னியாவுக்கும் அதே தொகை! எந்தக் கணக்கில் இதைச் சமம் என்றார்களோ.

தொகையை விடப் பெரிய சிக்கல் காலம். 2005-இல் வெளியான ஒரு ஆய்வு சோதனைக்கு முன்னும் பின்னும் விற்பனையை அளந்தது. போலீஸ் வந்துபோன உடனே, வயது வராதவருக்கு விற்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்தது. ஆனால் வாங்கிக்கொண்டு போகும் கடைகளில் மூன்று மாதத்துக்குள் அந்தப் பயம் முழுசாகக் கரைந்துவிட்டது. உட்கார்ந்து குடிக்கும் பார்களில் மட்டும் பாதியளவு மிஞ்சியது. கடையில் வேலைக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், போன மாதம் மாட்டியவர் இந்த மாதம் வேறெங்கோ இருப்பார். அப்படியானால் ஒரு கடைக்கு வருஷத்துக்கு நாலு தடவையாவது போயாகணும்.

வயதை உயர்த்த வைத்த நெடுஞ்சாலை மிரட்டல் சட்டப் புத்தகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. கடைக்குப் போகும் காசோ வருஷா வருஷம் காங்கிரஸ் மனம்வைத்தால்தான். 2010-களில் அந்த மத்திய ஒதுக்கீடு சுருங்கிக்கொண்டே போய், பத்தாண்டின் நடுவில் ஏறத்தாழ காணாமலே போனது. கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் மது உரிமத் துறையே உள்ளூர் போலீஸுக்கு மானியம் தருகிறது. அதற்கும் ஊர்கள் விண்ணப்பம் போட்டுப் போட்டி போட வேண்டும். கிடைக்காத ஊரில், ஆள் மிச்சம் இருக்கிற மாலையில்தான் சோதனை.