வசியமா, அறிதுயிலா?

திருநீற்றுப் புதன் திருப்பலி முடிந்த மாலையில், நெற்றியில் இட்ட சாம்பலோடு உழவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். சம்பா அறுவடை முடிந்து, களம் தூற்றிய களைப்பு இன்னும் அவர் உடலை விட்டு நீங்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர். ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் பீடியைத் தொடமாட்டார். பாஸ்கா திருவிழிப்பு முடிந்து ஆலய வாசலைத் தாண்டியதும் முதற்பீடியைப் பற்றவைப்பார். இம்முறை இருமல் முற்றியிருந்தது. "சாமி, டவுனில் ஒரு டாக்டர் ஆளைத் தூங்க வைத்தே பீடியை மறக்கடிச்சுடுறாராம். மகன் போகச் சொல்றான். ஆனா, வசியம் பண்ணிக்கிறது பாவமில்லீங்களா? போனா நெசமாவே விட்டுப் போகுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். இது ஆகுமா என்பது ஒன்று. இது பலிக்குமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தேடப் புகுந்தபோது, வரலாறு நம்மை நம் நாட்டுக் குரு ஒருவரிடமே கொண்டு சேர்த்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

புகையிலை நம் மண்ணுக்கு உரிய பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அந்த இலையை நம் கரைக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துக்கீசியர். மறைபணியாளர்களை ஏற்றி வந்த அதே நாட்டுக் கப்பல்கள்தாம் இப்பழக்கத்தையும் ஏற்றி வந்தன என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1617-இல் பேரரசர் ஜஹாங்கீர் புகைத்தலைத் தடை செய்தார், தடை நிலைக்கவில்லை. தமிழகத்திலோ அது வெற்றிலைத் தட்டிலேயே இடம் பிடித்துக்கொண்டது. வேதாரண்யத்து மணற்பாங்கில் பயிராயிற்று. 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே எழுந்தது. அதைப் பதிப்பித்தவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

திருச்சபையும் இப்பழக்கத்தோடு போராடியிருக்கிறது. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் செவில் மறைமாவட்ட ஆலயங்களில் புகையிலையைத் தடுத்தார். 1650-இல் பத்தாம் இன்னொசென்ட் புனித பேதுரு பேராலயத்தில் தடுத்தார். 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அத்தடையைத் தளர்த்தினார். நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், வத்திக்கானில் சிகரெட் விற்பனையை 2018 முதல் நிறுத்தினார். தடைகள் வேண்டியவையே; இந்தியாவிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் முறையாகத் தடுக்கப்பட்டது. ஆயினும் தடையால் கையைத்தான் நிறுத்த இயலும். உள்ளே எழும் வேட்கைக்கு வேறு வழி காண வேண்டியிருக்கிறது.

அவ்வழியைத் தேடியவர்களுள் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்கவர் அருட்தந்தை ஜோசே குஸ்தோதியோ தே ஃபரியா. 1756-இல் கோவாவின் காந்தோலிம் ஊரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்து, தாய் கன்னியர் மடம் புகுந்தார், தந்தை குருவானார். 1771-இல் தந்தையும் மகனும் லிஸ்பனுக்குக் கப்பல் ஏறினர். மகன் உரோமையில் இறையியல் பயின்று 1780-இல் குருப்பட்டம் பெற்றார்.

அவரைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. போர்த்துக்கல் அரசி முன்னிலையில் மறையுரையாற்ற ஏறிய இளங்குருவுக்கு நா எழவில்லை. அருகிருந்த தந்தை கொங்கணி மொழியில், இவர்களெல்லாம் வெறும் கீரைகாய்கள், நறுக்கித் தள்ளு என்ற பொருள்பட மெல்லச் சொன்னாராம். அச்சம் அகன்றது, உரை ஆறாகப் பெருகியது. ஒரு சிறு சொல் தம்மை எப்படி மாற்றிற்று என்ற வியப்பே அவரைப் பின்னாளில் ஆராய்ச்சிக்குத் தூண்டியது என்பர்.

1787-இல் கோவாவில் போர்த்துக்கீசிய ஆட்சிக்கெதிராகப் பிந்தோக்களின் கிளர்ச்சி உருவாகி அடக்கப்பட்டது. ஐயம் தந்தை மகன் இருவர்மீதும் படிந்தது. ஃபரியா பாரிஸ் நகர் சென்றார். அங்கே மெஸ்மர் என்னும் மருத்துவரின் கொள்கை புகழ்பெற்றிருந்தது. காந்தம் போன்றதொரு நுண்பாய்மம் மருத்துவனிடமிருந்து நோயாளிக்குள் பாய்ந்து குணமாக்குகிறது என்பது அக்கொள்கை. 1784-இல் பிராங்கிளின், லவாய்சியே முதலிய அறிஞர்களை உறுப்பினராகக் கொண்ட அரசக் குழு, அப்படியொரு பாய்மம் இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் மக்கள் மயங்கியே இருந்தனர்.

1813-இல் பாரிசில் பொது வகுப்புகள் நடத்தத் தொடங்கிய ஃபரியா, மெஸ்மர் கூட்டத்தாரையும் மறுத்தார். இதெல்லாம் பேயின் வேலை என்றவர்களையும் மறுத்தார். வருபவரை நாற்காலியில் அமரச் செய்வார். மனத்தை ஒருமுகப்படுத்தி உறக்கத்தை நினைக்கச் சொல்வார். பின் உறங்கும்படி உறுதியாகக் கட்டளையிடுவார். உறங்கியவர் பலர். ஆனால் அந்த ஆற்றல் தம் கையிலோ கண்ணிலோ இல்லை, உறங்குகிறவரின் உள்ளத்திலேயே இருக்கிறது என்று அவர் ஓயாது சொன்னார். கூட்டத்திற்கு வந்தவர்களோ மந்திரவாதியைக் காண வந்தவர்கள். தாம் மந்திரவாதி அல்லர் என்று சொல்பவரை அவர்கள் விரும்பவில்லை. 1816-இல் அவரை எள்ளி நகையாடும் நாடகம் பாரிஸ் மேடையேறியது. சமயத்தார் சிலரும் தூற்றினர். 1819-இல் தம் ஆய்வை நூலாக்கி, அவ்வாண்டே செப்டம்பர் 20-இல் இறந்தார். மொன்மார்த்தரில் அடையாளமில்லாக் கல்லறையில் புதைந்தார்.

அந்நூல் அவர் சொன்ன உறக்கத்தைத் தெளிவுடைய உறக்கம் என்று அழைக்கிறது. நம் தமிழில் இதற்கு வாய்த்த சொல் அறிதுயில். திருமாலின் பாற்கடல் துயிலுக்கு வைணவர் வழங்கிய பழஞ்சொல் அது. அறிவு மங்காத துயில் என்பது பொருள். நம் உழவர் சொன்னதோ வசியம். வசியத்தில் ஒருவன் ஆள்கிறான், மற்றவன் ஆட்படுகிறான். அறிதுயிலில் ஆட்படுபவன் எவனும் இல்லை. இந்த இரு சொற்களுக்கும் இடையேயுள்ள தொலைவைத்தான் ஃபரியா தம் வாழ்நாளில் கடக்க முயன்றார். 1945-இல் பனாஜியில் அவருக்கு எழுப்பிய சிலையிலும், அவர் கைநீட்டி நிற்க ஒரு பெண் மயங்கிச் சாய்கிறாள். காண்போர்க்கு அது வசியமாகவே தோன்றும். அவர் மறுத்த கருத்திலேயே அவரை வார்த்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, ஆகுமா என்ற கேள்விக்கு வருவோம். 1847-இலும் 1856-இலும் திருச்சபையின் விசுவாசப் பேராயம் இக்கலையைப் பற்றிப் பேசியது. குறி சொல்லவும் இறந்தோரை அழைக்கவும் இதைப் பயன்படுத்தும் மூடத்தனத்தைக் கண்டித்தது. நேரிய நோக்கத்துக்கு இயற்கையான வழியாகக் கையாள்வதைக் கண்டிக்கவில்லை. 1957-இல் மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மருத்துவர் கையில் உரிய முன்னெச்சரிக்கையோடு இது ஏற்கத்தக்கதே என்றும், இதை விளையாட்டாகக் கொள்ளலாகாது என்றும் தெளிவாக்கினார். எனவே தகுதி பெற்ற மருத்துவரிடம் செல்வது பாவம் அன்று. புகையிலையை மிதமிஞ்சிப் பயன்படுத்துவது மிதத்துக்கு மாறானது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்வதையும் நினைவில் கொள்வோம்.

பலிக்குமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஒரே அமர்வில் அறிதுயில் பயிற்றும் முறையை 1970-இல் வெளியிட்டார். புகை உடலுக்கு நஞ்சு. வாழ உடல் வேண்டும். ஆகவே உடலை மதித்துக் காக்கும் கடமை எனக்குண்டு என்னும் மூன்று எண்ணங்களை நோயாளி தாமே நாள்தோறும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 615 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காதிருந்தனர். ஆயினும் 14 ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிய காக்ரேன் அறிஞர் குழு, அறிதுயில் மற்ற வழிகளைவிடச் சிறந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2019-இல் முடிவு கூறியது. ஆக, இது மாயமருந்து அன்று. சிலருக்குக் கைகொடுக்கும் ஊன்றுகோல் எனலாம். ஆலோசனை, நிக்கோடின் மெல்லும் பசை, மருத்துவர் தரும் மாத்திரை ஆகியவையும் உள்ளன. 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி உதவியும் இருக்கிறது.

இதை எழுதும்போது பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த நோயாளி நம் நினைவுக்கு வருகிறார். தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பது அவர் முறையீடு. ஆனால் ஆண்டவர் முதலில் கேட்டது, நலம்பெற அவருக்கு விருப்பம் உண்டா என்பதே. எல்லாம் வல்லவருக்கே மனிதனின் விருப்பத்தைக் கேட்காமல் குணமாக்க மனம் வரவில்லை! அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்று குருமடத்தில் நாம் பயின்ற பாடம் இங்கே உயிர் பெறுகிறது. ஃபரியாவும் அதே குருமடப் பாடத்தைப் பயின்றவரே.

நம் உழவரைச் சென்றுவரச் சொன்னோம். போய் வந்தவர் சற்று ஏமாற்றத்தோடு, "நான் தூங்கவே இல்லீங்க சாமி. டாக்டர் சொன்னது, வெளியே பஸ் போனது எல்லாமே காதில் விழுந்துச்சு" என்றார். அதுதான் அறிதுயில் என்று சொல்லி, பாரிசில் இறந்த கோவாக் குருவின் கதையை அவருக்குச் சொன்னோம். பிறகு ஒன்றைக் கேட்டோம்: நாற்பது நாள் எந்த டாக்டரும் இல்லாமல் பீடியைத் தொடாதிருந்தவர் யார்? அவர் நெடுநேரம் பேசவில்லை.

அவ்வாண்டுப் பாஸ்கா இரவில், புதுத்தீயில் ஏற்றிய மெழுகுதிரி அணைந்த பின்னும் அவர் ஆலய வாசலிலேயே நின்றிருந்தார். பீடி பற்றவைக்கவில்லை. ஆடியில் அண்ணன் இறந்த துக்கத்தில் இரண்டு நாள் வழுக்கி, மூன்றாம் நாள் தாமே நம்மிடம் வந்து சொன்னார். மீண்டும் தொடங்கினார். இன்று வரை காத்துவருகிறார். இருமல் முழுதும் தீரவில்லை. நுரையீரல் இழந்ததையெல்லாம் திரும்பப் பெறுவதில்லை.

நம் பங்குகளில் இவரைப் போன்றோர் பலர். தவக்காலத்தில் விட்டு, உயிர்ப்புப் பெருவிழாவில் மீண்டும் எடுப்பவர்களை நாம் எளிதாக நகைத்துவிடுகிறோம். அந்த நாற்பது நாளை அவர்களுக்கு நினைவூட்டி, நாற்பத்தொன்றாம் நாள் அவர்களோடு வாசலில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்கலாமே.