அறிவிலி இனியவன் ஆன கதை

ஆங்கிலப் பெயரடைகளுள் ‘நைஸ்’ என்பதைப் போல ஓயாமல் வேலை வாங்கப்படும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. உணவு நைஸ், உடை நைஸ், காலைத் திருப்பலியில் கேட்ட மறையுரையும் நைஸ். இனிய, நல்ல, அழகிய, அன்பான, பண்பான என்று நாம் ஐந்தாறு சொற்களால் வேறுபடுத்திக் கூறுவதை எல்லாம் அது ஒன்றே சுமக்கிறது. இத்தகைய சொல் பிறந்தபோது வசைச்சொல்லாக இருந்தது என்றால் நம்புவது கடினம்.

இலத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதன் முன் எதிர்மறை சேர்ந்து அமைந்தது ‘நெஸ்கியுஸ்’. அறியாதவன் என்பது பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து ‘நீஸ்’ என்றாகி, மூடன், பேதை என்னும் பொருளில் வழங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அங்கே குடியேறிய பிரெஞ்சுச் சொற்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. 1400இல் மறைந்த கவிஞர் சாசர் இச்சொல்லை ஆளும் இடங்களில் மடமை என்றே பொருள் கொள்ளவேண்டும். இனிமை என்று கொண்டால் பாட்டு தலைகீழாகிவிடும். (தென் பிரான்சிலுள்ள நீஸ் நகரத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த நிக்கேயா என்னும் பெயரின் திரிபு. 325ஆம் ஆண்டுப் பொதுச்சங்கம் கூடிய நிசேயா நகருக்கும் அதே பெயர்தான்.)

பின்னர் நேர்ந்தது விந்தையான பயணம். மூடன் என்பது நாணமுடையவன் என்றாயிற்று, நாணம் கூச்சமாயிற்று. எதற்கும் கூசுகிறவன் எளிதில் மனம் நிறைவடையாதவன். எனவே ‘நைஸ்’ ஆனவன் உணவிலும் உடையிலும் குறை காண்பவன். குறை காண்பவனுக்கு நுண்ணிய வேறுபாடுகள் புலப்படும். இவ்வாறு 16ஆம் நூற்றாண்டில் அறியாமையின் பெயர், நுட்பமாக அறிதலின் பெயராகிவிட்டது. அந்த 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் பல இடங்களில் ஆசிரியர் எப்பொருளில் எழுதினார் என்று துணிவது கடினம் என ஆக்ஸ்போர்டு பேரகராதியே ஒப்புக்கொள்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் நுட்பமும் துல்லியமுமே முன்நிற்கின்றன. சட்ட நுணுக்கம் ஒன்றைக் குறிக்க வழக்கறிஞர்கள் இன்றும் இச்சொல்லை இப்பொருளில் ஆள்வதுண்டு.

நம் கவனத்துக்குரியது வேறொரு பொருள். நன்மை தீமைகளை அளவுக்கு மீறி ஆராய்ந்து தன்னையே வருத்திக்கொள்ளும் மனச்சான்றையும் ஆங்கிலேயர் ‘நைஸ்’ என்றனர். 1522இல் மன்ரேசாவில் தூய இஞ்ஞாசியார் பட்ட துயரம் அத்தகையது. ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே எண்ணி எண்ணி, எதையோ சொல்லாமல் விட்டோம் என்று அவர் மாதக்கணக்கில் கலங்கினார். மனச்சான்றைக் குறிக்கும் ‘கான்ஷியன்ஸ்’ என்ற சொல்லும், அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்ற சொல்லும் அதே ‘ஸ்கீரே’யின் வழிவந்தவை. அறிவும், மனச்சான்றும், அறியாமையும் ஒரே வேரில் கிளைத்த உடன்பிறப்புகள் என்பது இலத்தீன் கற்ற குருக்களுக்குப் புதிதன்று. மற்றவர்கள் இதனைச் சற்று நின்று பார்க்கலாம்.

இனியது என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. பரவிய வேகம் சிலருக்கு எரிச்சலூட்டியது. ஜேன் ஆஸ்டின் இறந்தபின், 1817 இறுதியில் வெளிவந்த ‘நார்த்தேங்கர் அபே’ புதினத்தில், ஓர் இளம்பெண் தனக்குப் பிடித்த நூலை ‘நைஸ்’ என்கிறாள். உடன் நடக்கும் ஹென்றி டில்னி, நூலின் அட்டைக்கட்டைத்தான் புகழ்கிறாயோ என்று கேலி செய்கிறான். தொடக்கத்தில் செம்மையையும் நயத்தையும் குறித்த சொல் இப்போது எல்லாவற்றுக்கும் வந்துவிட்டதே என்கிறான். திருத்த வந்தவரும் தொடக்கம் வரை செல்லவில்லை! அவனுடைய ‘தொடக்கம்’ நடுவழியில் ஒரு தங்குமிடமே.

இதற்கு நேரெதிராகச் சென்ற சொல்லும் ஒன்றுண்டு. அதன் கதை எனக்கு இதைவிடத் துயரமாகப் படுகிறது. இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’, பழைய ஆங்கிலத்தில் ‘ஸேலிக்’ என்ற வடிவில் பேறுபெற்றவரைக் குறித்தது. அதன் உறவுச்சொல்லான ‘ஸேலிக்’ ஜெர்மன் மொழியில் இன்றும் தன் மாண்பை இழக்கவில்லை. முத்திப்பேறு பெற்றவர் என்று திருச்சபை அறிவிப்பவரை ஜெர்மானியர் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். ஆங்கிலத்திலோ பேறுபெற்றவர் மாசற்றவரானார், மாசற்றவர் இரங்கத்தக்கவரானார், பின்பு வலுவற்றவர், இறுதியில் அசடர். ஒவ்வொரு படியையும் இறக்கியவர்கள் அகராதிக்காரர்கள் அல்லர், அன்றாடம் பேசிய மக்களே. சூதறியாதவரைக் கண்டு முதலில் வணங்கி, பிறகு இரங்கி, பிறகு சிரித்த மக்கள்.

நம் மொழியிலும் இத்தகைய பயணங்கள் உண்டு. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ எங்கே போயிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ‘வெகுளி’யோ திருக்குறள் காலத்தில் கடுஞ்சினம், வள்ளுவர் வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். இன்று சினமே அறியாத அப்பாவியை வெகுளி என்கிறோம். அந்தச் சொல் எந்த வழியே அவ்வளவு தூரம் நடந்தது என்பதைத் தமிழறிஞர் எவரேனும் விரித்தெழுதினால் நன்று.

‘நைஸ்’ தமிழ் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மாவை நைசாக அரைக்கச் சொல்லும் தாயின் வாயில் அது மென்மையையும் நுண்மையையும் குறிக்கிறது. ஆங்கிலேயர் பெரும்பாலும் கைவிட்ட அந்தப் பழம்பொருளை நம் அடுப்படி காத்து வருவதாகவே தோன்றுகிறது. நைசாகப் பேசிக் காரியம் சாதித்தான், வேலை வந்ததும் நைசாக நழுவினான் என்னும்போது அது சாதுரியமும் வஞ்சகமும் ஆகிறது. இந்தப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை. ஒன்றும் அறியாதவனாகப் பிறந்த சொல் நம்மிடம் வந்து எல்லாம் அறிந்த தந்திரசாலியாகிவிட்டது.